எட்டு அன்டெனா இருந்தால் ஒட்டுக்கேட்க முடியாதா?

திருகோணமலை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடற்கரையில் விடுதி, நிலாவெளி வீதியில் அலுவலகம், இடையில் அரைக் கிலோமீற்றர். வயர் இழுக்காமல் இணைக்க பேனல் அன்டெனா வாங்கப் போனாராம். "உள்ளே எட்டு அன்டெனா வரிசையா இருக்கு, சிக்னல் நேராத்தான் போகும், இடையில ஒருத்தரும் பிடிக்க ஏலாது, பாஸ்வேர்ட் கூடத் தேவையில்லை" என்றிருக்கிறார் கடைக்காரர். விருந்தினரின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அதில்தான் போகப்போகிறது, நம்பலாமா?

பாதியை நம்பலாம். உங்கள் கரையில் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லாரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் வலை வரும், ஆளுக்கொரு நேரம் இழுத்தால் கயிறுதான் ஆடும். இதுவும் அப்படித்தான். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சுமார் 3 சென்ரிமீற்றர், அதாவது அரை அலைநீளம் தள்ளித் தள்ளி நிற்கும் எட்டு அன்டெனாக்களின் அலைகளும் ஒரு திசையில் தாளம் சேர்ந்து வலுக்கின்றன, மற்றத் திசைகளில் ஒன்றையொன்று வெட்டி மங்குகின்றன.

மங்கும், அணையாது. எட்டு அன்டெனா வரிசையின் கற்றை, அதாவது அலை வலுவாகப் போகும் பாதை, சுமார் 13 பாகை அகலம். 500 மீற்றர் போவதற்குள் நூறு மீற்றருக்கு மேல் விரிந்துவிடும், பக்கத்து விடுதியின் மொட்டைமாடியும் அதற்குள் வந்துவிடும். பக்கவாட்டில் கசிவதில் பெரியது பிரதான கற்றையின் வலுவில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு. அற்பம்தானே என்று விடவேண்டாம், 30 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றை உங்கள் பக்கம் திருப்பி வைத்தால் அதுவே போதும்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தார்கள், 2008இல் கோயலும் நேகியும் எழுதியது: தகவலோடு சேர்த்து வேண்டுமென்றே இரைச்சலையும் அனுப்புவது, ஆனால் அந்த இரைச்சல் உங்கள் அலுவலக அன்டெனா இருக்கும் இடத்தில் மட்டும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி கணக்குப் போட்டு அனுப்புவது. ஒட்டுக்கேட்பவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை, ஆனால் சக்தியில் ஒரு பகுதி இரைச்சலுக்கே போய்விடும், ஒட்டுக்கேட்பவரிடம் உங்களைவிட அதிக அன்டெனா இருந்தால் அவர் இரைச்சலைக் கழித்தும் விடலாம். கடையில் வாங்கும் பேனலில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

சரி, செய்யவேண்டியது? முதலில் பூட்டு. வைஃபையில் போகும் தகவலைக் குறியாக்கிப் பூட்டும் புதிய முறையான டபிள்யூபிஏ3 இரு முனையிலும் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏஇஎஸ் என்ற குறியாக்கத்துடன் அதற்கு முந்திய டபிள்யூபிஏ2, இருபது எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்ட். 2017இல் டபிள்யூபிஏ2இல் ஒரு ஓட்டை வெளிவந்தது, எனவே மென்பொருளைப் புதுப்பித்த பிறகே மாட்டுங்கள். விருந்தினர் வைஃபையை இதோடு கலக்கவே வேண்டாம்.

அப்புறம் திசை. அலுவலகத்திலிருந்து வரும் கற்றை விடுதியைத் தாண்டி வங்கக் கடலுக்குள் போய்விடும், அங்கே படகுக்காரர்தான். விடுதியிலிருந்து திரும்புவதுதான் வீதியைத் தாண்டி ஊருக்குள் போகும். அந்த முனையின் சக்தியை, இணைப்பு அறாத அளவுக்குக் குறைத்து வையுங்கள்.