காஞ்சிப் பட்டு: கொடுக்கிற விலையும் உள்ளே இருக்கிற மதிப்பும்

காஞ்சிபுரத்தில் அப்பா தறி நெய்தவர். நான் இருபது வருஷமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கித் தறிக்குக் கொடுத்து, புடவையாக வாங்கி விற்கிறேன். கல்யாண சீசன் நெருங்குவதால் விலை பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: முகூர்த்தப் புடவை ஒரு கடையில் 28,000, இன்னொரு கடையில் 62,000. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. என்ன வித்தியாசம் அண்ணா?

பதில்: முதலில் ஜரிகையைக் கேளுங்கள் தங்கச்சி. சுத்த ஜரிகை என்றால் நடுவில் சிவப்புப் பட்டு இழை, அதன்மேல் சுற்றிய தட்டை வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிற தமிழ்நாடு ஜரிகை ஆலையின் ஜரிகையில் 40 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் தங்கம். மீதி செம்பும் பட்டும். அடுத்தது டெஸ்டட் ஜரிகை. அதில் இருப்பது செம்புக் கம்பி, வெள்ளி மேலே முலாமாக மட்டும். அதற்கும் கீழே பாலியெஸ்டர் ஜரிகை. கடை விளக்கில் மூன்றும் ஒன்றுபோல மின்னும்.

62,000 புடவை அகலக் கரையும் முழு ஜரிகை முந்தியுமாகச் சுத்த ஜரிகையில் நெய்தது என்றால் அந்த விலைக்கு நியாயம் இருக்கிறது. டெஸ்டட் ஜரிகை போட்டு அதே விலை சொன்னால் நியாயமே இல்லை. பில்லில் ‘சுத்த ஜரிகை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. நிறைய பேர் ஏமாறுகிற இடம் இதுதான். 2004இல் மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்த முத்திரை அது. பட்டு அசல் என்று மட்டும் சொல்லும். ஜரிகை என்ன ரகம், நெய்தது கைத்தறியிலா விசைத்தறியிலா என்பதற்கு அது பொறுப்பில்லை. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு.

கேள்வி: கைத்தறிப் புடவையை நாமே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கோர்வைப் புடவை என்றால் ஓரளவு முடியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டைக்குப் பெயர் நாடா. மூன்று நாடா போட்டு இரண்டு நிறத்து ஊடையையும் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்வார்கள். நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறிபவர் இன்னொருவர். புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் கோட்டை விரலால் தடவுங்கள், லேசாக மேடு தட்டும். அப்புறம் முந்தி வேறு நிறமாக இருந்தால், அது உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே நெடுக்காக ஓடும் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பார்கள். அதைப் பிட்னி என்போம். அந்த இடம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக, இரண்டு நிறமும் கலந்து தெரியும். குறை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

கேள்வி: அம்மாவின் கல்யாணப் புடவை மடிப்பில் கிழிந்துவிட்டது. தெருவில் பழைய பட்டு வாங்குபவர் 3,500 தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பொறுங்கள் அக்கா. அவர் வாங்குவது வெள்ளிக்காக. ஜரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். 200 கிராம் சுத்த ஜரிகை, அதில் 40 சதவீதம் வெள்ளி என்றால் 80 கிராம். கணக்குக்குக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தாலே 8,000 வருகிறது. அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம். கரையும் முந்தியும் நன்றாக இருந்தால் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம், பேத்திக்குப் பாவாடையாகவும் தைக்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் ‘அசல் காஞ்சிபுரம் பட்டு’ 1,999 ரூபாய்?

பதில்: பட்டு நூலுக்கே அந்தப் பணம் போதாது. ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

கேள்வி: ஒருநாள் கூத்துக்கு 60,000 ரூபாயா என்று அப்பா கேட்கிறார். எனக்கும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: அப்பா கேட்பதில் தப்பில்லைம்மா. கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் வேண்டாம். சின்னக் கரை, ஜரிகை குறைவான கோர்வைப் புடவை பாதி விலைக்கே கிடைக்கும். கனம் குறைவு, அடுத்த விசேஷத்துக்கும் கட்டத் தோன்றும். நான் என் மகளுக்கு அப்படித்தான் எடுத்தேன்.

கேள்வி: தறிக்காரரிடமே நேரில் போய் வாங்கினால் எவ்வளவு பேரம் பேசலாம்?

பதில்: பெரிய கடையில் பேசுங்கள். தறி வீட்டில் பேசாதீர்கள். பட்டும் வெள்ளியும் அவருக்கும் சந்தை விலைதான். நீங்கள் குறைக்கச் சொல்கிற 2,000 ரூபாய் அவர் கூலியில்தான் குறையும். பத்து, பதினைந்து நாள் இரண்டு பேர் உட்கார்ந்த கூலி அது. எங்கள் வீட்டில் கரை நாடா எறிந்தது அம்மா. கூலிச் சீட்டில் கடைசிவரை அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது.