முழுசாக ஒரு மணி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அலுவலகம் நான்காவது மாடியில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். நாள் முழுக்க நாற்காலிதான். மாதக் கடைசி வாரத்தில் நள்ளிரவு வரை கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். கழுத்துவலி, தூக்கமும் சரியில்லை. போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லி, உடற்பயிற்சி செய்யச் சொன்னார் மருத்துவர். இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு முறையும் மாதக் கடைசி வந்ததும் நின்றுபோனது. காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தும் பார்த்தேன், பத்து நாள்கூடத் தாங்கவில்லை. தினமும் ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பேன்? எனக்கு மன உறுதியே இல்லையோ என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மாதாமாதம் நள்ளிரவு வரை உட்கார்ந்து கணக்கை முடித்துக் கொடுக்கிறவருக்கு மன உறுதி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில், மாதக் கடைசியில், பயிற்சி அறுந்திருக்கிறது. உங்கள் வேலையின் போக்கைக் கணக்கில் எடுக்காத திட்டம் அது. அதனால்தான் நிலைக்கவில்லை.

கடிதம் முழுக்க அந்த "ஒரு மணி நேரம்" வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால், நடக்கும்போது பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு மூச்சு. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். நான்கு நிமிடம் நடந்தாலும் கணக்கில் வரவு வைக்கலாம். உங்கள் வாழ்க்கையில் நான்கு நிமிடங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு மணி நேரம் இல்லை.

மாடிப்படி என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்தான். லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை அவர் ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. 1953இல் வெளியான அதே ஆய்வில், மேசை முன் அமர்ந்திருந்த எழுத்தர்களைவிட நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும் அது குறைவு என்று கண்டார். ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களோ என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களுடைய சீருடை அளவுகளை எடுத்து அதையும் ஆராய்ந்தார். ஓரளவு அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. அந்த நடத்துநர்களின் உழைப்பு உடற்பயிற்சிக்கென்று ஒதுக்கிய நேரத்தில் வந்ததில்லை. வேலையோடு வேலையாக ஏறியிறங்கினார்கள்.

உங்களுக்கும் நான்கு மாடிப் படிகள் காத்திருக்கின்றன. முதல் வாரமே நான்கையும் ஏற வேண்டாம். மூன்றாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கி ஒரு மாடி மட்டும் ஏறுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாடியில் இறங்குங்கள்.

அடுத்தது மதியம். உங்கள் சர்க்கரைக்காக நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலிக்குத் திரும்பாமல் பன்னிரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் நேரத்திலேயே கால்களை வேலை வாங்குவது அதனால்தான் பலன் தருகிறது. காலண்டரில் அந்த நேரத்தை ஒரு கூட்டம்போலக் குறித்து வையுங்கள். உங்கள் குழுவிடமும் சொல்லிவிடுங்கள். யாருக்கும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருக்கும் நேரத்தை எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது உடம்பில் ஒரு துளிகூடத் தெம்பு இல்லாததுபோல் இருக்கும். அந்த அசதி நிஜம்தான். ஆனால் அன்று கால்கள் எதுவும் செய்யவில்லை, களைத்தது தலை. அவசரம் வரும்போதெல்லாம் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் உடம்பை ஓடத் தயார்படுத்துகின்றன, நீங்களோ நாற்காலியில் அசையாமல் இருக்கிறீர்கள். அதனால் வீட்டுக்குள் போய் உட்காரும் முன்பே, செருப்பைக் கழற்றும் முன்பே, பத்து நிமிடம் தெருவில் நடங்கள். உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுவது கடினம். முதல் இரண்டு நிமிடம் வேண்டா வெறுப்பாக இருக்கும். பிறகு தோள் இறங்குவது உங்களுக்கே தெரியும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம், கணக்கு உங்கள் துறை. மதியம் 12 நிமிடம் ஐந்து நாளைக்கு 60. இரவு 10 நிமிடம் ஐந்து நாளைக்கு 50. விடுமுறை நாளில் ஒரு நடை 40. மொத்தம் 150. மாடிப்படியை நான் சேர்க்கவே இல்லை. ஏதோ ஒரு வாரம் நடுவில் எல்லாம் தவறிப்போனால், விடுமுறை நாளில் சேர்த்து நடந்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் அளவிடும் கருவி கட்டிய சுமார் 89,500 பேரின் தகவலை வைத்து 2023இல் வந்த ஓர் ஆய்வில், வாரத்தின் உழைப்பைப் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே முடித்தவர்களுக்கும், நாட்களில் பரவலாகச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைவாக இருந்தது.

தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. கழுத்துவலிக்குத் தனிப் பயிற்சி தேடுவதற்கு முன், திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

மாதக் கடைசி வாரத்துக்கு வேறு திட்டம் வேண்டும், அதை இப்போதே எழுதி வையுங்கள். அந்த வாரம் மதிய நடையில் ஐந்து நிமிடமும் ஒரு மாடியும் மட்டும். வேறெதுவும் வேண்டாம், குற்ற உணர்வும் வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவே ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைத்துவிடவில்லை. நீங்கள் பத்தாவது நாளில் உங்கள்மேல் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

அந்த ஐந்து மணி அலாரத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து ஓடுகிறவர், தூக்கத்தைக் கடன் வாங்கி உடற்பயிற்சி செய்கிறார். தூக்கம் குறைந்தால் இன்சுலினும் சரிவர வேலை செய்யாது. மருத்துவர் எதற்காகப் பயிற்சி சொன்னாரோ அதற்கே கேடு.

நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். கழுத்துவலி கைக்குப் பரவினாலோ விரல்கள் மரத்தாலோ அதையும் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரைப் பரிசோதனையை அவர் சொன்ன தேதியில் மறுபடி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் நள்ளிரவு வரை வேலை என்பதை நீங்கள் வானிலைபோல, மாற்ற முடியாததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நடையும் அதற்கு மருந்தாகாது. மாதக் கடைசிக்குத் தள்ளப்படும் வேலைகளில் எவற்றை மூன்றாவது வாரமே தொடங்கலாம், எவற்றை இன்னொருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியல் போட்டு மேலாளரிடம் பேசுங்கள். சர்க்கரை எல்லையில் இருப்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பட்டியலோடு போனால் பேச்சு புகாராக மாறாது.

நாளைக் காலை மூன்றாவது மாடியில் இறங்குங்கள். இரண்டு மாதக் கடைசிகளைத் தாண்டிய பிறகு, எது நிலைத்தது, எது அறுந்தது என்று எனக்கு எழுதுங்கள். அறுந்ததை மறுபடி சேர்ந்து பார்ப்போம்.