பழைய கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓட்டுவது அவ்வளவு பெரிய ஆபத்தா?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். எக்ஸ்பி போட்ட பழைய டெஸ்க்டாப், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ வந்து பார்த்துவிட்டு "இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் இது வாடிக்கை, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் இருக்கும் எக்ஸ்பி கணினிக்கு ஒரே ஒரு வேலைதான். ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் பழைய ஸ்கேனர் ஒன்று, அது ஸ்கசி (யுஎஸ்பிக்கு முந்தைய இணைப்பு முறை) கார்டு வழியாக மட்டும்தான் இணையும். அந்தக் கார்டைச் செருகப் பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட் வேண்டும், இப்போது வரும் மதர்போர்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் 32 பிட் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது, செய்து விற்றவர்கள் அப்புறம் அந்த மாடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய ஸ்கேனர்களையும் இயக்கும் வியூஸ்கேன் மென்பொருளைப் போட வேண்டியதுதானே, புதிய கணினிக்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்ட வேண்டியதுதானே என்று கீழே ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, மென்பொருள் எதுவானாலும் கார்டைச் செருக ஓர் இடம் வேண்டாமா? பழைய பொருள்மீது பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த ஸ்கேனர் தரும் தரத்தில் புதிதாக ஒன்று வாங்கப் போனால் மயக்கம் வருகிறது.

நடுவில் ஒருமுறை அதுவும் படுத்தது. ஆன் செய்தால் "சிமாஸ் செக்சம் எரர்" (தேதியும் அடிப்படை அமைப்புகளும் அழிந்துவிட்டன என்று அர்த்தம்), எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகும். தேதி 2002க்குப் போய்விட்டது, அன்றைக்கு ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் 2002இல் எடுத்தவைபோல ஃபோல்டரின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரி தீர்ந்ததுதான் காரணம். அதை மாற்றப் பெட்டியைத் திறந்தால், பிராசசர் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பி நிற்கின்றன, ஒன்றின் உச்சியில் வெடிப்பும் காய்ந்த பழுப்புக் கசிவும். 2000களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளுக்கு இதே வியாதிதான். அதே மைக்ரோ ஃபேரட், வோல்டேஜ் குறையாமல், மைனஸ் பக்கக் கோட்டைப் பார்த்துப் புதியவற்றைச் சால்டர் வைத்துப் பற்றவைத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

இதில் வந்த வினை என்னவென்றால், எனக்குப் பற்றவைக்கத் தெரியும் என்ற செய்தி சொந்தக்காரர்களிடம் பரவிவிட்டது. எவர் வீட்டு லேப்டாப் படுத்தாலும் என் தலையில்தான். சரி செய்து கொடுத்தால் ஒரு வார்த்தை கிடையாது, மூன்று மாதம் கழித்து சார்ஜர் போனால் மட்டும் "நீ தொட்டதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு". போகட்டும், கேள்விக்கு வருகிறேன்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது, விண்டோஸ் செவனுக்கு 2020 ஜனவரி 14. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைச் சாதாரண வீட்டுக் கணினியில் அடைக்க ஆள் இல்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது எல்லோரும் எக்ஸ்பியைத்தான் திட்டினார்கள், ஆனால் மாட்டியவற்றில் பெரும்பாலானவை செவன். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாமல் விட்ட கணினிகள் அவை. அதற்காக எக்ஸ்பி பத்திரம் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம்.

என் கணினியில் நெட் கேபிளே இல்லை, வைஃபையும் இல்லை. படங்களைப் பென்டிரைவில்தான் எடுக்கிறேன், அதைச் செருகியதும் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோரனையும் அணைத்து வைத்திருக்கிறேன். 2008இல் வந்த கான்ஃபிக்கர் வைரஸ் பென்டிரைவ் வழியாகவும் பரவியது, ஆகவே நெட் இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

நீங்கள் அதில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் பார்ப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். குரோம் எக்ஸ்பிக்கு 49ஆம் பதிப்போடும் செவனுக்கு 109ஆம் பதிப்போடும் கை விரித்துவிட்டது, பல தளங்கள் சான்றிதழ் பிழை காட்டித் திறக்கவே மறுக்கும். பிராசசர் 64 பிட், ரேம் 4 ஜிபி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, முடிந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டியும் மாட்டுங்கள், நன்றாகவே ஓடும். 32 பிட் மட்டும் என்றால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பு வரைதான், 13இல் 32 பிட் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டார்கள். எதைச் செய்தாலும் முதலில் ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் என்னைப்போல ஏதாவது ஒரு பழைய கருவிக்காகத்தான் அது தேவை என்றால், நெட் கேபிளைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

யாரிடமாவது 50 பின் ஸ்கசி கேபிள் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், என்னுடையது ஒரு முனையில் ஆட ஆரம்பித்துவிட்டது.