அவரிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம்.

நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை இணையத்தில் கூடி ஜாஸ் கேட்டுப் பேசுகிறோம். போன மாதம் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்க டிரம்மரை விருந்தினராக அழைத்தோம். ஒரு டிரம்பெட் மேதையின் குழுவில் சில வருடங்கள் வாசித்தவர். ஒன்றரை மணி நேரம் அந்த மேதையைப் பற்றியே கேட்டோம், பொறுமையாகச் சொன்னார். முடிக்கும்போது, "நானும் கொஞ்சம் வாசித்திருக்கிறேன்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அப்புறம் மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுப்பது முறையா, அவமதிப்பாக நினைப்பார்களா? ஏதாவது சான்றிதழ் கொடுத்தால் போதுமா? ஒலி நன்றாக வர எந்த மைக் வாங்கச் சொல்லலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணம் கொடுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் அழைக்கும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள். இரவுக்கு இரவு வாசித்துக் கூலி வாங்கி வாழ்ந்தவருக்குப் பணம் எப்படி அவமதிப்பாகும்? அமெரிக்காவில் சாதாரண வானொலியில் இசைத்தட்டு ஓடினால் பாட்டை எழுதியவருக்குக் காசு உண்டு, வாசித்தவருக்குக் கிடையாது. இணைய வானொலிக்கான சட்டப்படியான ராயல்டியிலும் பாதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முன்னணிக் கலைஞருக்கு. மிச்சம் 5 சதவீதம்தான் பின்னால் வாசித்தவர்கள், பாடியவர்கள் எல்லோருக்குமாக. உங்கள் விருந்தினர் அந்த ஐந்தில் ஒரு துளி.

சான்றிதழ் வேண்டாம். அறுபது வருடம் வாசித்தவருக்கு நாம் யார் சான்று கொடுக்க?

மைக் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு, அதைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேச்சைத் தவிர எல்லாமே ஜூமுக்கு இரைச்சல்தான். டிரம்மர் குச்சிக்குப் பதிலாகப் பிரஷ்ஷால், அதாவது மெல்லிய கம்பிக் கொத்தால், மெதுவாக வருடுவதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

நீங்கள் அந்த மென்பொருளைவிட மோசமாக நடந்துகொண்டீர்கள் என்று எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றரை மணி நேரம்! ஒரு மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொருவரைப் பார்க்கும் ஜன்னலாக அவரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

ஜிம்மி காப் என்று ஒரு டிரம்மர். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற இசைத்தட்டு 1959இல் இரண்டே நாட்களில் பதிவானது. முதல் பாடல் 'ஸோ வாட்'. அதில் மைல்ஸின் தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் டிரம்மரின் உலோகத் தட்டான சிம்பலில் ஓர் அடி விழும். கதவு திறந்து வெளிச்சம் கொட்டுகிற மாதிரி. அந்த இடம் வருவதற்காகவே காத்திருந்து கேட்பேன். மைல்ஸைக் கேட்பதாகத்தான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் நான் காத்திருந்தது காப்பின் கைக்காக. 1991இல் மைல்ஸ் போனபின் அந்தக் குழுவில் காப் ஒருவர்தான் மிஞ்சினார். 2020 மே மாதம் அவரும் போனார். அந்த இருபத்தெட்டுச் சொச்சம் வருடங்களில் "மைல்ஸ் எப்படிப்பட்டவர்?" என்ற கேள்வியைக் காப் எத்தனை ஆயிரம் முறை சந்தித்திருப்பாரோ. பாடகி சாரா வானின் குரலுக்குப் பின்னால் பல வருடங்கள் வாசித்தவர் அவர். எப்போது குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பீர்கள் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

பக்கவாத்தியம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. ஜாஸில் டிரம்மர் பக்கத்தில் நிற்பவர் அல்ல, அடியில் நிற்பவர். அவர் அரைக் கணம் தயங்கினால் மேலே இருப்பவர் வாசிப்பது வேறாகிவிடும்.

பேரி ஹாரிஸைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் கடைசி வருடங்களைக் கழித்த அதே வீட்டில் குடியிருந்த பியானோக்காரர். கதை சொல்லியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் அவருடைய ஜூம் வகுப்புக்கு வந்தவர்கள் அவருடைய 'சிக்ஸ்த் டிமினிஷ்ட் ஸ்கேல்' என்ற சுரவரிசையைக் கற்கத்தான் வந்தார்கள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று 91 வயதுவரை திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார். பியானோ கலைஞர் மரியன் மக்பார்ட்லண்ட் 1978 முதல் வானொலியில் செய்ததும் இதுதான்: விருந்தினரை வாசிக்கச் சொல்வார், "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்பார், பிறகு கூடவே உட்கார்ந்து வாசிப்பார். 2020இல் பியானோ கலைஞர் எம்மெட் கோஹன் நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள தன் வீட்டிலிருந்து இணையத்தில் ஒலிபரப்பத் தொடங்கியபோதும், வந்த மூத்தவர்களை முதலில் வாசிக்கத்தான் வைத்தார்.

உங்களை இவ்வளவு திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நானும் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு முதிய கலைஞரை இணையத்தில் பேட்டி எடுத்தேன். பன்னிரண்டு கேள்விகள் தயார் செய்திருந்தேன். பன்னிரண்டுமே அவருடைய பழைய தலைவரைப் பற்றியவை. மூன்றுக்குப் பதில் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லாமல் காமிராவைத் திருப்பி, பாஸின் கருங்காலிப் பலகையைக் காட்டினார். தந்திகளுக்கு அடியில் அது பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. "அருமை" என்றேன். நாலாவது கேள்வியைப் படித்தேன்.

அதை வெளியிட வேண்டாம் என்று மறுநாள் எழுதிவிட்டார். அதனால் அவர் பெயரை இங்கே போடும் உரிமை எனக்கில்லை. உங்களுக்கு அப்படித் தடை எதுவும் இல்லையே? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். வயது இருக்கிறது, நாடு இருக்கிறது, யாருடன் வாசித்தார் என்பது இருக்கிறது. அவர் பெயர் என்ன, ஆர்.?