தேதி முடிந்த லிப்ஸ்டிக், தேதியே இல்லாத கிரீம்: எதை வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: அடுத்த மாதம் என் தங்கைக்குத் திருமணம். அதற்காக அலமாரியை ஒழித்தபோது, போன வருடம் பிரித்துப் பாதி தீர்ந்த மஸ்காரா, தேதி முடிந்து மூன்று மாதமாகியும் உறை பிரிக்காத லிப்ஸ்டிக், சென்ற கோடையில் வாங்கிய சன்ஸ்கிரீன், டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிய வைட்டமின் சி சீரம், ஜெர்மனியிலிருந்து அண்ணன் கொண்டுவந்த, தேதியே அச்சிடாத ஒரு கிரீம் ஆகியவை கிடைத்தன. "சாப்பிடுகிற மருந்தா என்ன, மேலே பூசுவதுதானே, தேதியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காகப் போடுவது" என்கிறார் அம்மா. எதை எறிவது? – வேளச்சேரி வாசகி

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது; ஆனால் அந்த நியாயம் லிப்ஸ்டிக்குக்குப் பொருந்தும் அளவுக்கு மஸ்காராவுக்குப் பொருந்தாது.

முதலில் அந்தத் தேதி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஆய்வகத்தில், புதிதாக உருவாக்கிய கிரீமை 40 முதல் 45 டிகிரி வெப்பமுள்ள பெட்டிக்குள் மூன்று மாதம் வைத்து, நிறம் மாறுகிறதா, எண்ணெயும் நீரும் பிரிகின்றனவா, வாசனை கெடுகிறதா என்று வாரந்தோறும் பார்ப்போம். அது தவிர, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வேண்டுமென்றே அதில் கலந்து, பிரிசர்வேட்டிவ் அவற்றைக் கொல்கிறதா என்று 28 நாள் எண்ணிக்கொண்டிருப்போம். இவற்றில் தேறிய பிறகே "இத்தனை மாதம் தாங்கும்" என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிறார். நம் நாட்டில் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-இன்படி அந்தத் தேதியையும், தயாரிப்பு உரிம எண்ணையும், பேட்ச் எண்ணையும் லேபிளில் அச்சிட்டாக வேண்டும். ஆகவே அது வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த வாக்குறுதி, மூடி திறக்காத பொருளுக்கு மட்டுமே. திறந்த நாளிலிருந்து வேறொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. லேபிளின் மூலையில், மூடி திறந்த டப்பா போன்ற சிறிய படமும், அதற்குள் 6எம், 12எம், 24எம் என்று ஒரு குறியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த பிறகு எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வாங்கிய நாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை என்பதால், நான் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, திறந்த தேதியை எழுதி அடியில் ஒட்டிவிடுவேன். என் மகள் இதைப் பார்த்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

உங்கள் அண்ணனின் கிரீமுக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய விதிகளின்படி, திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்குக் காலாவதித் தேதி அச்சிட வேண்டியதில்லை. அந்தத் திறந்த டப்பா படம் இருந்தால் போதும். எனவே தேதி இல்லை என்பதற்காக அதைச் சந்தேகிக்க வேண்டாம். அண்ணன் அதை எப்போது வாங்கினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் வாங்கியது என்றால், முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். நம் ஊர்க் கடையில் வாங்கும் வெளிநாட்டுப் பொருளின் கதை வேறு. அதன் லேபிளில் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். அது இல்லாமல், தேதியின் மேல் இன்னொரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி மஸ்காரா. இதில் மட்டும் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, இன்றே எறியுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் குச்சி இமை ஓரத்தைத் தொட்டு, அங்குள்ள கிருமியோடு இருட்டும் ஈரமுமான குழாய்க்குள் திரும்பிப் போகிறது; கூடவே காற்றையும் உள்ளே தள்ளுகிறது. பிரிசர்வேட்டிவ் எவ்வளவு நாள்தான் தாக்குப்பிடிக்கும்? மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. காய்ந்துபோன மஸ்காராவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்குவது பல வீடுகளில் நடக்கிறது. எச்சில் தொட்டுக்கொள்பவர்களும் உண்டு. கிருமிக்கு விருந்து வைப்பது என்றால் இதுதான். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா கருவிழியில் ஏற்பட்ட ஒரு சிறு கீறல் வழியே புகுந்துவிட்டால், பார்வைக்கே ஆபத்து நேரலாம். மை வகைகளிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு கூடுதல் விஷயம்: வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால், அப்போது அவர் பயன்படுத்திக்கொண்டிருந்த கண் மையும் மஸ்காராவும், நேற்றுத்தான் வாங்கியது என்றாலும், குப்பைக்குப் போக வேண்டும். கண் சிவந்து, வலியோ பார்வை மங்கலோ இருந்தால், சொட்டு மருந்தை நீங்களே வாங்கி விட்டுக்கொண்டிருக்காமல், அன்றே எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ செல்லுங்கள்.

லிப்ஸ்டிக் விஷயத்தில் அம்மா பக்கம் சாய்கிறேன். அதில் மெழுகும் எண்ணெயும்தான் பெரும்பங்கு. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி எளிதில் பெருகாது. உறை பிரிக்காமல், வெயில் படாத அலமாரியில் இருந்தது என்றால், மூன்று மாதம் கடந்ததற்காக நானாக இருந்தால் எறிய மாட்டேன். அது தயாரிப்பாளர் தந்த வாக்கு முடிந்த பொருள் என்பதை அறிந்தே சொல்கிறேன். திறந்து மோந்து பாருங்கள். பழைய தேங்காயெண்ணெய்போல் சிக்கு வாடை அடித்தாலோ, உதட்டில் திப்பித்திப்பியாக நின்றாலோ விட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் லிப்ஸ்டிக்கின் மேல் வியர்வைத் துளிபோல் எண்ணெய் அரும்பினால் பதற வேண்டாம். சென்னை வெயிலில் அது சகஜம், டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும்.

சன்ஸ்கிரீனில் இந்தத் தாராளம் செல்லாது. மற்றப் பொருள் கெட்டால் பெரும்பாலும் மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். வெயிலைத் தடுக்கும் திறன் குறைந்திருப்பதை எந்தப் புலனும் சொல்லாது. தேதி கடந்திருந்தால் எறியுங்கள். தேதி இருந்தும் பிதுக்கும்போது முதலில் தண்ணீராகவும் பிறகு கட்டியாகவும் வந்தால், அதையும் எறியுங்கள். ஸ்கூட்டி டிக்கியிலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ கோடை முழுவதும் கிடந்த டியூபுக்கு அச்சிட்ட தேதியைப் பார்ப்பதில் பொருளே இல்லை. நாங்கள் சோதித்த 45 டிகிரியை அது எத்தனை முறை தாண்டியிருக்கும் என்று யார் கண்டது? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: சென்ற கோடையில் வாங்கிய டியூப் இன்னும் எப்படி மிச்சமிருக்கிறது? முகத்துக்கு மட்டும் ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் வேண்டும். அந்தக் கணக்கில், தினம் ஒரு முறை தடவினாலே 50 கிராம் டியூப் நாற்பது நாளில் தீர்ந்துபோகும்.

வைட்டமின் சி சீரம் ஆக்சிஜன் பட்டு வினை முடிந்துபோய்விட்டது. அந்த டிகாக்‌ஷன் நிறமே அதற்குச் சாட்சி. லேசான மஞ்சள் நிறம்வரை பயன்படுத்தலாம், பழுப்பேறிய பிறகு அதில் பெரிய பயன் இல்லை; தோலில் கறைதான் படியும். அடுத்த பாட்டிலைச் சிறியதாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். எல்லாக் கிரீமையும் ஃபிரிட்ஜில் அடுக்க வேண்டியதில்லை. சென்னையின் ஈரக்காற்றில் எல்லாவற்றுக்கும் தேவையானது, ஹீட்டர் ஓடும் குளியலறையிலிருந்து அவற்றை வெளியே எடுத்து, படுக்கையறை அலமாரியில் மூடி இறுக்கி வைப்பதுதான். "பிரிசர்வேட்டிவ் இல்லாதது" என்று பெருமையாக விற்கும் கற்றாழை ஜெல் போன்றவற்றுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

எறிவதை வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிடும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இவற்றில் வேண்டாம். மஸ்காராவின் குச்சியை உடைத்து, டியூபைக் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள்.

கல்யாணத்துக்கு வரும் அழகுக்கலை நிபுணரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முகூர்த்த சீசனில் ஒரே மஸ்காரா ஒரே நாளில் பல மணப்பெண்களின் கண்ணைத் தொட்டுவிட்டு வர வாய்ப்புண்டு. ஒரு முறை பயன்படுத்தி எறியும் குச்சிகள் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது தங்கைக்கென்று புதிதாக ஒரு மஸ்காரா வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.