கறுத்துப்போன இறைச்சி அரைக்கும் இயந்திரத்தை எறிந்துவிட வேண்டுமா?

கேள்வி: வீட்டில் மின்சார இறைச்சி அரைக்கும் இயந்திரம் வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் பாகங்களைக் கழற்றி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுத்தான் எடுக்கிறேன். இருந்தும் உள்ளிருந்து கவிச்சி வாடை போகவில்லை. உலோகப் பாகங்கள் கறுத்துவிட்டன; தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. இப்போது கறி கொத்தாக விழாமல் கூழாக வழிகிறது, மோட்டாரும் சூடாகிறது. இதில் அரைத்ததைச் சாப்பிடலாமா? புதிதாக வாங்கிவிடுவதுதான் நல்லதா?

பதில்: அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். கறுப்பும் வாடையும் கழுவும் முறையால் வந்தவை. கூழாவதும் சூடாவதும் பெரும்பாலும் பிளேடும் கறி வெளிவரும் துளைத் தட்டும் மழுங்கியதால், அல்லது மாட்டும்போது நேர்ந்த தவறால் வருபவை. நான்கையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பல ஆண்டுகளாக இந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். பிரித்துப் பார்த்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பிளேடு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும்.

முதலில் அந்தக் கறுப்பு. வீட்டு இயந்திரங்களில் கறி இறங்கும் குழாய்ப் பகுதியும் உள்ளே சுழலும் திருகுத் தண்டும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்புகள். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். உலோகத்துக்கு அதுவே காப்பு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் சோப்புத் தூளுக்குக் காரத்தன்மை மிக அதிகம். அதுவும் சூடான நீரும் சேர்ந்து அந்தப் படலத்தை அரித்துவிடுகின்றன. அடியில் இருக்கும் உலோகம் வினைபுரிந்து சாம்பலும் கறுப்புமான பொடியாக மேலே படிகிறது. உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான். இதுவரை அதில் கொஞ்சம் கறியோடு கலந்து வயிற்றுக்குள் போயிருந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் பொடி உதிரும் நிலையில் இனி ஒரு முறைகூட அரைக்காதீர்கள்.

அதை எடுக்க, பாகங்கள் மூழ்கும் அளவு வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு வெந்நீர் போதும். கறுத்த அலுமினியப் பாகங்களை மட்டும் 15 நிமிடம் ஊறவிட்டு, மென்மையான நாரால் தேய்த்து, ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை படாத வரை இதைத் திரும்பச் செய்யலாம். கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்பு திரும்ப வராது. அது வெறும் தோற்றக் குறை. கறை உதிராமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இனிமேல் அந்தப் பாகங்களைக் கையால்தான் கழுவ வேண்டும். முழுக்கத் துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்று கையேட்டில் தெளிவாக இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அப்போதும் பிளேடைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். முனை மழுங்கும், சாதாரண எஃகுப் பிளேடாக இருந்தால் துருவும் ஏறிவிடும்.

அடுத்தது வாடை. இதைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் வாடை வருகிறது என்றால் எங்கோ பழைய கறி ஒளிந்திருக்கிறது என்று பொருள். முழுத் துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. கொத்திய கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். போன வாரத்து மிச்சம் மரையிடுக்கில் இருந்தால், இன்று வாங்கிய புதுக்கறியிலும் அது கலந்துவிடும்.

ஒளியும் இடங்களைச் சொல்கிறேன். திருகுத் தண்டின் பின்முனையில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். பலருக்கு அது கழன்று வரும் என்பதே தெரியாது. கழற்றினால் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு படிந்திருக்கும். முன்பக்கம் தட்டை இறுக்கும் வளையத்தின் மரைப் பள்ளங்கள் இன்னொரு இடம். கறியை அழுத்தித் தள்ளும் பிளாஸ்டிக் கட்டையையும் பாருங்கள். பல மாதிரிகளில் அது உள்ளே கூடாக இருக்கும், மூடியைத் திறந்தால் நாட்பட்ட நீர் தேங்கியிருக்கும். மோட்டார் உடலில் திருகுத் தண்டு பொருந்தும் குழியை மறந்துவிடாதீர்கள். அரைக்கும்போது பின்னால் கசியும் சாறு அங்கேதான் சேர்கிறது.

கழுவும் வரிசையும் முக்கியம். அரைத்து முடித்தவுடன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாகங்களைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் இறைச்சியின் புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முட்டை ஒட்டிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் நடப்பதுதான் இங்கும் நடக்கும். குளிர்ந்த நீரில் கறித்துணுக்குகள் போன பிறகு, சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீருக்கு மாறுங்கள். கொழுப்பு அப்போதுதான் கரையும். குழாய்க்குப் புட்டி கழுவும் தூரிகை, மரைகளுக்குப் பழைய பல் துலக்கி, தட்டின் துளைகளுக்கு மரக் குச்சி. துளைகளைக் குத்தி முடித்ததும் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

சோப்பு அழுக்கைத்தான் எடுக்கும். கிருமியை ஒழிக்க அதன் பிறகு இன்னொரு படி தேவை. பிளேடையும் தட்டையும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். 77 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் 30 நொடி இருந்தாலே போதும். துருப்பிடிக்காத எஃகுப் பாகங்களுக்கு, நான்கு லிட்டர் நீரில் 15 மில்லிலிட்டர் மணமற்ற பிளீச் கலந்தும் பயன்படுத்தலாம். அலுமினியத்துக்கும் சாதாரண எஃகுக்கும் பிளீச் ஆகாது, அரித்துக் குழி விழச் செய்துவிடும். முன்பு சொன்ன வினிகரோ சிட்ரிக் அமிலமோ பிளீச்சோடு ஒருபோதும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

மோட்டார் உடலை நீரில் முக்கவோ குழாயடியில் காட்டவோ வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, குழியைப் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தால் போதும்.

ரொட்டித் துண்டை உள்ளே விட்டு அரைத்தால் சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திருகில் மிச்சமிருக்கும் கறியை வெளியே தள்ள அது உதவும் என்பது உண்மை. கழுவும் வேலையை அது குறைக்கிறது, அதற்கு மாற்றாகிவிடாது. சுத்தம் செய்வதாக எண்ணி இயந்திரத்தை வெறுமனே ஓட விடுவது அதைவிடக் கெடுதல். கறியின் சாறும் கொழுப்பும்தான் பிளேடுக்கும் தட்டுக்கும் இடையே வழுவழுப்பைத் தருகின்றன. அவை இல்லாமல் ஓடினால் உலோகத்தோடு உலோகம் உரசி, முனையும் போகும், உலோகத் தூளும் உதிரும்.

இனி, கறி கூழாவது. பிளேடின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சற்று மேடாகவும் இருக்கும். தட்டையான, கூர்மையான பக்கம் துளைத் தட்டைப் பார்த்திருக்க வேண்டும். மாறி மாட்டினால் பிளேடு வெட்டாது, நசுக்கும். அது சரியாக இருந்தால் தட்டை இறுக்கும் வளையத்தைக் கவனியுங்கள். தளர்ந்திருந்தால் பிளேடுக்கும் தட்டுக்கும் இடைவெளி விழுந்து, ஜவ்வும் நரம்பும் வெட்டுப்படாமல் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். கருவி போட்டு முறுக்கினாலோ உராய்வு கூடி மோட்டார் சூடாகும். கையால் இறுக்கும் அளவே போதுமானது.

கறியின் குளிர்ச்சியும் பெரிய காரணம். வெதுவெதுப்பான கொழுப்பு வெட்டுப்படாது, பூசிக்கொள்ளும். ஜவ்வை நீக்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்து, விளிம்பு விறைத்ததும் எடுத்து அரையுங்கள். குழாயையும் பிளேடையும் தட்டையும்கூடக் குளிர வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கல்லாக உறைந்த கறியையும் எலும்பையும் மட்டும் போடாதீர்கள். திருகுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புப் பாகம் உடையும். பல மாதிரிகளில் மோட்டாரைக் காப்பாற்றத் தான் உடைய வேண்டும் என்றே அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கூழ்தான் வருகிறதென்றால் சாணை பிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் தண்ணீர் உப்புத்தாளை விரித்து நனையுங்கள். தட்டின் உராயும் பக்கத்தில் அழியாத மையால் கோடுகள் போட்டு, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, 8 என்ற எண்ணை எழுதுவதுபோல் தேய்த்துக்கொண்டே இருங்கள். அழுத்தம் சீராக இருக்கட்டும். மை நடுவில் மட்டும் அழிந்தால் நடுப்பகுதி மேடாக இருக்கிறது என்று அறியலாம். மை முழுக்கச் சீராக அழிந்த பிறகு 1000 எண் தாளுக்கு மாறி மெருகேற்றுங்கள். பிளேடையும் இப்படியே, நான்கு கைகளும் ஒருசேரத் தாளில் படும்படி, தட்டையான பக்கத்தைத் தேய்க்க வேண்டும். முனையைத் தனியே தீட்டத் தேவையில்லை. இரண்டு சமதளங்கள் இடைவெளியின்றி உரசுவதால் கத்தரிக்கோல்போல வெட்டு விழுகிறது. அதனால்தான் ஒரு பிளேடும் ஒரு தட்டும் நாளடைவில் ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. இரண்டு மூன்று தட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேடு ஒதுக்கி வைப்பது நல்லது. தேய்த்த துகள் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். அதன் பிறகு அரைக்கும் முதல் கைப்பிடிக் கறியைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள்.

மோட்டார் சூட்டைப் பொறுத்தவரை, கையேட்டில் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று இருக்கும். சிறிய இயந்திரங்களில் அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். திடீரென்று நின்றுவிட்டால் சூட்டுத் தடுப்பான் வேலை செய்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சிக்கிக்கொண்டால் உதவும் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தானை, மோட்டார் முழுமையாக நின்ற பிறகே அழுத்த வேண்டும். சாணை பிடித்துக் குளிர்ந்த கறியை அரைத்தும் கருகும் வாடை வந்தாலோ, பல்சக்கரம் நெரியும் ஒலி கேட்டாலோ, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீஸ் காய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்; இரண்டும் மாற்றக்கூடியவை.

கழுவியதும் உடனே துணியால் துடைத்து, இரவு முழுவதும் காற்றாட வையுங்கள். பிளேடிலும் தட்டிலும் உணவுத்தர மினரல் எண்ணெயை மெல்லிதாகத் தடவித் தாளில் சுற்றிவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கெட்ட வாடை பிடிக்கும். எல்லாவற்றையும் பூட்டி மாட்டிய நிலையிலேயே அலமாரியில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டு வாடை மீண்டும் தொடங்கும்.

தட்டின் துளை விளிம்பில் கீறலோ குழியோ தென்பட்டால் தேய்த்தும் பயனில்லை. பிளேடையும் தட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தட்டின் விட்டம், நடுத்துளையின் அளவு, விளிம்பில் உள்ள வெட்டு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். 8 எண் என்று விற்கப்படும் தட்டு ஏறத்தாழ 62 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் நடுத்துளை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே பழைய தட்டைக் கையோடு எடுத்துச் சென்று, கடையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.