முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மூச்சு வாங்கினால் இரவுப் பணியாளர் ஆக்சிஜனை நிமிடத்துக்கு 2 லிட்டரிலிருந்து 5-க்கு ஏற்றிவிடுகிறார். காலையில் எழுப்பினால் அப்பா எழுவதே இல்லை. அசதிதானே?

பதில்: அசதி என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயாளிகள் பலருக்கு ஆக்சிஜன் கூடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். முதலில் காலைத் தலைவலி, அப்புறம் உளறல், அப்புறம் எழாத தூக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் இவர்களுக்கு வழக்கமான இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98 வந்ததும் ‘அப்பாடா’ என்று உட்காருகிறார்களே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பயந்துபோய்க் குழாயைப் பிடுங்கவும் கூடாது. மருத்துவர் எழுதிய அளவுக்கு இறக்கிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். எழுப்பியும் எழாவிட்டால் 108. அந்த அளவைக் கொட்டை எழுத்தில் எழுதி மிஷின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை அம்மாவின் கட்டிலருகே விளக்கேற்றி ஊதுபத்தி காட்டலாமா?

பதில்: வேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை வெறிகொள்ள வைக்கும். போர்வை, தலையணை, புடவைத் தலைப்பு எல்லாவற்றிலும் தங்கியிருக்கும், வால்வை மூடிய பிறகும் கொஞ்ச நேரம். ஒரு கங்கு போதும். விளக்கு பூஜை அறையில் எரியட்டும், திருநீறு மட்டும் கட்டிலுக்கு வரட்டும். கொசுவர்த்திச் சுருளை யாருமே நெருப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுவும் நெருப்புதான்.

கேள்வி: மூக்கு வறண்டு புண்ணாகிறது. தேங்காய் எண்ணெய்?

பதில்: எண்ணெய், வாசலின், தைலம் மூன்றும் கூடாது. தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். இன்னொன்று: தோசை வார்த்த கையோடு வந்து சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பற்றும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் ஆக்சிஜன் மிஷின் நின்றால் சின்ன சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

பதில்: நிறைந்த பி டைப் (சின்ன அளவு) சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் கணக்குப்படி 12½ மணி நேரம். 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி போட்டு நிற்கவையுங்கள்.

கேள்வி: பாட்டி நன்றாகப் பேசுகிறார், ஆக்சிமீட்டர் 82 காட்டுகிறது. கையில் மருதாணி.

பதில்: கருமையாகப் பிடித்த மருதாணி கருவியை ஏமாற்றலாம். மருதாணி இல்லாத விரலைத் தேய்த்துச் சூடாக்கி, மாட்டி, அரை நிமிடம் பொறுங்கள். அப்போதும் 82 என்றால் மருத்துவர். உதடு நீலம் பாரித்திருந்தால் சோதனையே வேண்டாம், ஆம்புலன்ஸ்.

கேள்வி: ஆக்சிஜனை ஈரப்படுத்தும் குமிழி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. டிஸ்டில்டு வாட்டர்தான். குறைந்ததும் மேலாக ஊற்றி நிரப்பாமல், தினமும் பழையதைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.